லிட்டருக்கு ஒரு கிராம்

சேரம்பாடியில் ஆடி மாதம்
காய்வது என்று ஒன்றுதான் உண்டு:
தேயிலை.
அதையும் விறகு எரித்து நாங்கள் காயவைக்கிறோம்.
சட்டை காயாது. சுவர் காயாது.
கோழிக்கூண்டில் போட்ட மரத்தூள்
கையில் அள்ளினால் களி மாதிரி ஒட்டும்.

செவ்வாய்க்கிழமை அந்தக் களியில் ரத்தம்.

வெற்றிலைத் துப்பல் என்று நினைத்து
பக்கத்து லயத்து மரியதாஸிடம்
ஒரு வார்த்தை கேட்டும்விட்டேன்.
பிறகு கறுப்பி என் கண்ணெதிரிலேயே
வாலைத் தாழ்த்திப் போட்டது,
நாவல்பழம் நசுங்கினாற்போல.
மரியதாஸ் என்னோடு பேசுவதில்லை.

ஒன்பதில் இரண்டு போயின.
மிச்சம் ஏழும் இறகைச் சிலுப்பிக்கொண்டு
சரியாக மடிக்காத குடைகளாய் மூலையில் நின்றன.
பவளக்கொடி பூண்டு நசுக்கினாள்,
மோர் வைத்தாள், கீழாநெல்லி அரைத்தாள்.
கோழிகள் மரியாதையாக மறுத்துவிட்டன.

தீப்பெட்டியில் கொண்டுபோன எச்சத்தை
நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து
மருந்தகத்து ஷைலஜா மேடம் சொன்னார்:
"குடல் உள்ளுக்குள்ள கிழிஞ்சிருக்கு.
புழு இல்ல, அதைவிடச் சின்னது.
ஈரத்துலதான் முழிச்சுக்கும்.
இந்தப் பொடி லிட்டருக்கு ஒரு கிராம், அஞ்சு நாள்.
வேற தண்ணி கண்ணுல காட்டாதீங்க.
சத்து டானிக் இப்ப வேண்டாம், மருந்து வேலையைக் கெடுத்துடும்."
பவளக்கொடி பைக்குள் இருந்த டானிக் பாட்டிலை
இன்னும் ஆழமாகத் தள்ளினாள்.
"மருந்து பாதிதான். மீதி, காஞ்ச தரை."

காய்ந்த தரை!
சேரம்பாடியில்! ஆடியில்!

அதற்கு முன்னால், ஒரு கிராம் என்பது எவ்வளவு?
உப்பு எனக்குச் சிட்டிகையில் தெரியும்.
விறகு டன்னில் தெரியும்.
நடுவில் உள்ளது எதுவும்
பாய்லர்காரனுக்குத் தேவைப்பட்டதில்லை.

ஃபேக்டரி ருசி அறையில் ஒரு சின்னத் தராசு உண்டு,
கோப்பைக்கு இரண்டு கிராம் தூள் நிறுக்க.
டீமேக்கர் குரியன் சார்
இலை வாட்டும் மாடிக்கு ஏறிய நேரம் பார்த்து
அதில் வெள்ளைப் பொடியை நிறுத்தேன்.
தட்டைத் துடைத்தேன். மறுபடி துடைத்தேன்.
ஏலத்துக்குப் போகிற தூளாயிற்றே என்று
மூன்றாம் தடவையும்.

கோழிகளையும் கொண்டுவந்தேன்.
பாய்லருக்குப் பின்னால், சாம்பல் வாரும் பக்கம்,
இரண்டு பழைய தேயிலைப் பெட்டிகள்,
அடியில் காப்பி உமி.
எனக்குத் தெரிந்து இந்த மலையில்
காய்ந்த தரை அது ஒன்றுதான்.
சேவல் கூவாமல் இருக்க
என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லை.
நல்லவேளை, அதற்குக் கூவும் தெம்பில்லை.

மூன்றாம் இரவு குரியன் சார் வந்தார்.
பிரஷர் மீட்டரைப் பார்த்தார்.
பெட்டியைப் பார்த்தார்.
ஏழு தலைகள் அவரைப் பார்த்தன.
நான் விறகைப் பார்த்தேன்.
குனிந்து, பெட்டிகளை
கதவுக் காற்று படாத பக்கமாக
ஒரு முழம் நகர்த்தி வைத்துவிட்டுப் போனார்.

விடிகாலை அவர் அங்கே
கோப்பைகளை வரிசையாக வைத்து நிறம் பார்ப்பார்,
செம்பா, மங்கலா, அடியில் கொஞ்சம் பச்சையா.
நான் இங்கே உமியில் டார்ச் அடித்து
அதையே செய்வேன்.
முதல் நாள் சிவப்பு.
மறுநாள் செங்கல்.
அதற்கடுத்த நாள் வடிகட்டிய சக்கை, தண்ணீராக.
நான்காம் நாள் கறுப்பி மட்டும்
பழைய சிவப்புக்கே திரும்பியது.
ராத்திரி முழுக்கச் சொட்டுச் சொட்டாக அலகில் விட்டேன்.
பாதி என் முழங்கையில் வழிந்தது.

விடியும்போது ஆறுதான்.
கறுப்பியைச் சுண்ணாம்பு தூவிச்
சில்வர் ஓக் அடியில் புதைத்துத் திரும்பினால்
அட்டை ஒன்று கணுக்காலில் தொங்குகிறது,
உள்ளே புள்ளிக்கோழி
கெட்டியாக, பழுப்பாக,
மேலே வெள்ளைத் தொப்பி வைத்து,
ஆவி பறக்கப் போட்டிருக்கிறது.
அட்டையைப் பிடுங்க மறந்து நின்றேன்.

ருசி அறை ஜன்னலிலிருந்து குரல் வந்தது:
"கலர் எப்படி?"
"நல்ல கலர், சார்."

இனி கூண்டின் தரையை ஒரு சாண் தோண்டி
ஈரத்தூளை அள்ளிக் கொளுத்தி,
கூரையில் தகரம் மாற்றி,
நாலு மூட்டை உமி சுமந்துவர வேண்டும்.
என் இடுப்பு இருக்கும் நிலையில்
இன்னொரு ஆள் வேண்டும்.
மழை விடவில்லை.
மரியதாஸைத்தான் கேட்க வேண்டும்.